வரும் குழாய்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் ஓடிவிடும். புத்தி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நான் நாற்று வளர்த்து விற்கிறவள். கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சுவரும் வைத்த நீளமான கொட்டகை ஒன்று எனக்கு உண்டு. நாங்கள் அதைக் கண்ணாடி வீடு என்போம். உள்ளே இடுப்பு உயரத்துக்கு மேசைகள், மேசை நிறையத் தட்டுத் தட்டாகத் தக்காளி, மிளகாய், கத்தரி, கோஸ் நாற்றுகள். வெளியே தரை உறைந்து கிடக்கிற மாதங்களில் விதை போட்டு, குளிர் விட்டதும் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். பின்பக்க அறையில் விறகில் எரியும் பாய்லர் இருக்கிறது. அது தண்ணீரைச் சுடவைக்கும், பம்ப் அதைக் குழாயில் தள்ளும். சுடுதண்ணீர் மேசைகளுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சூட்டையெல்லாம் நாற்றுகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் மறுபடி பாய்லருக்குப் போகும். மேல் குழாய் சூடு, கீழ்க் குழாய் ஆறினது. எது எது என்று குழம்பக் கூடாதே என்று மேல் குழாயில் ‘வரும்’ என்றும் கீழ்க் குழாயில் ‘போகும்’ என்றும் பாய்லர் அறைவரைக்கும் வெள்ளைப் பெயின்டால் நானே எழுதிவைத்திருந்தேன். எழுதி முடித்த அன்றைக்கு எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்கிறவள் என் தம்பி மனைவி. இரண்டு வருஷமாக நான் அவளைத் ‘தந்தி’ என்றுதான் கூப்பிடுகிறேன். நானும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதையும் அவன் எனக்குச் சொல்ல வேண்டியதையும் இவள்தான் சுமந்துகொண்டு திரிவாள். அதுவும் அப்படியே சுமக்க மாட்டாள். நான் கொதிக்கக் கொதிக்கச் சொல்லி அனுப்பியதை வழியிலேயே ஆற்றி, கொஞ்சம் சர்க்கரையும் போட்டுத்தான் அவனிடம் கொடுப்பாள்.

தம்பி ஒரு பெரிய சலவை ஆலையில் பாய்லர் ஃபிட்டர். என் முதல் பாய்லரை மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான். இருபது வருஷம் உழைக்கும் என்றார்கள். ஆறாவது வருஷம் குளிர்காலத்தின் நடுவில் அடித்தகடு ஓட்டையாகி, மறுநாள் விடிவதற்குள் ஒரு நாற்று மிச்சமில்லாமல் பனியில் கருகிவிட்டது. செத்த பாய்லரைத் தூக்குவதற்குத் தம்பி தன் ஆலையிலிருந்து ஃபோர்மேனையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஓட்டை விழுந்திருந்தது அவன் வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்தில். எனக்குக் கண்மண் தெரியவில்லை. “குடிச்சிட்டுப் பத்த வெச்சா இப்படித்தான்டா ஓட்டை விழும்!” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

அவன் ஒருகாலத்தில் குடித்தவன்தான். ஆனால் அந்த பாய்லரை மாட்டும்போது குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விடுவதற்கு அவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். தெரிந்தேதான் கத்தினேன். போதாததற்கு, “இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே” என்றும் சேர்த்துக்கொண்டேன். ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். தூக்க வந்த வேலையைத் தூக்கி முடித்துவிட்டு, நால்வரும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் கண்ணாடி வீடு சும்மா கிடந்தது. போன இலையுதிர் காலத்தில்தான், கையில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிப் பழசாக்கின பாய்லரை வாங்கி, வேறு ஒரு ஆளை வைத்து மாட்டினேன். மேசைகளில் பதினோராயிரம் நாற்று முளைத்து நின்றது. இந்த பாய்லரும் போனால் மூன்றாவது வாங்க என்னால் முடியாது. கண்ணாடியைக் கழற்றி விற்றுவிட்டு, நானும் தந்தியும் வேறு வேலை தேட வேண்டியதுதான். இதை நான் அவளிடமும் ஒளிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, நெருப்பு மூட்டப் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“அண்ணி, கொஞ்சம் இங்க வாங்களேன். பாய்லருக்கு வேர்க்குது.”

“எனக்கே வேர்க்கல இந்தக் குளிர்ல, பாய்லருக்கு எங்கேருந்து வேர்க்கும்?” என்று சொல்லிக்கொண்டே போனேன்.

விறகு போடுகிற கதவைத் திறந்து வைத்திருந்தாள். உள்சுவர் முழுக்கக் கறுப்பாக, பிசுபிசுவென்று சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கதவின் அடியிலிருந்து வழிந்து, சிமென்ட் தரையில் துருநிறத்தில் ஒரு குட்டை. இந்தக் கறுப்புத் தண்ணீரை எனக்குத் தெரியும். முதல் பாய்லரிலும் ஆறு வருஷம் காலையில் எழுந்து இதைத் துடைத்தவள் நான். விறகு ஈரம் என்று நினைத்துக்கொண்டு, விறகுக்காரரைத்தான் தினமும் திட்டினேன்.

தந்தி தன் புருஷனுக்கு போன் போட்டாள். நான் விறகை அடுக்குகிற மாதிரி நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் ம் போட்டாள், சரி என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஆறின தண்ணி எவ்வளவு சூடா இருக்குன்னு கேக்கறார்.”

“சூடா? பச்சைத் தண்ணின்னு சொல்லு. கை வெச்சா விறைக்குது.”

அவள் சொன்னாள். மறுபடி கேட்டாள். மறுபடி பொத்தினாள்.

“அதுதானாம் வியாதி. ஒரு பக்கம் நெருப்பு, தகட்டுக்குப் பின்னாடி பச்சைத் தண்ணி. புகையில இருக்கிற ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த தகட்டுல பட்டு வேர்வையா இறங்குதாம். கரியோட சேர்ந்தா அது தகட்டையே தின்னுடுமாம். தண்ணி பாய்லருக்குள்ள நுழையறப்பவே ஐம்பத்தஞ்சு டிகிரியாவது இருக்கணுமாம்.”

“நல்லா இருக்கே! தண்ணியைச் சுடவைக்கத்தானே பாய்லரே வாங்கினேன். சுடவெச்சுக் கொண்டுவந்தாதான் சுடவைக்கும்னா இது என்ன துரையா?”

இதை மட்டும் அவள் அப்படியே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பக்கம் என்னவோ பதில் வர, அவளுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“சொல்லுடி.”

“உங்க கோபத்தைக் குழாய்ல விட்டா போதுமாம். பாய்லரே வேண்டாமாம்.”

இரண்டு வருஷத்தில் அவன் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்வேனா? விறகை இன்னும் சத்தமாக அடுக்கினேன்.

போனை வைத்த பிறகு தந்தி அங்கேயே நின்றாள். கையைப் பிசைந்தாள்.

“பழைய பாய்லரும் இப்படித்தான் செத்திருக்கும், அண்ணி.”

“அதையும் சொல்லச் சொன்னானா?”

“இல்ல. இது நானா சொல்றேன்.”

இந்த பாய்லரில் என் தம்பியின் கையே படவில்லை. அவன் வெல்டிங் ஒரு விரற்கடை இதில் கிடையாது. இருந்தும் அதே கறுப்புத் தண்ணீர், அதே இடத்தில். மூளை இருக்கிற யாருக்கும் அந்த நிமிஷமே கணக்கு விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் விளங்கியதை ஒப்புக்கொள்வது வேறு வேலை, அதற்கு நான் இன்னும் தயாராக இல்லை. “முதல்ல இதைப் பாப்போம்” என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

இதற்கென்றே செய்து விற்கிற வால்வு உண்டு. தானாகவே சுடுதண்ணீரையும் ஆறின தண்ணீரையும் கலந்து, பாய்லருக்குப் பதமாக ஊட்டும். கடையில் விலை கேட்டேன். “சரி, யோசிச்சு வரேன்” என்றேன். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தம்பி மலிவாக ஒரு வழி சொல்லி அனுப்பினான். பாய்லரை விட்டுச் சுடுதண்ணீர் வெளியேறுகிற குழாய்க்கும் ஆறின தண்ணீர் உள்ளே நுழைகிற குழாய்க்கும் நடுவில் முழ நீளத்துக்கு ஒரு குறுக்குக் குழாய். அதில் ஒரு சின்னப் பம்ப். கொஞ்சம் சுடுதண்ணீர் கண்ணாடி வீட்டுக்குப் போகாமல், பாய்லர் வாசலிலேயே குறுக்கே திரும்பி, ஆறின தண்ணீரோடு கலந்து உள்ளே போகும். பம்பை ஓட்டுவதும் நிறுத்துவதும் குழாயில் கட்டுகிற ஒரு தெர்மோஸ்டாட்டின் வேலை. குழாய் ஐம்பத்தைந்து டிகிரிக்குக் கீழே இருந்தால் அது பம்பை ஓட்டும், அதற்கு மேலே போனால் நிறுத்தும்.

பம்ப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்ததாம். கடைக்காரர் அதைச் சுவரோரம் இருந்த பிளக்கில் மாட்டி, என் காதருகே பிடித்து, “பூனை மாதிரி ஓடுது பாருங்க” என்றார். பூனைக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது, ஆனாலும் ஓடியது. தெர்மோஸ்டாட்டைத் தம்பியே தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தான். உள்ளங்கை அளவு சாம்பல் நிறப் பெட்டி, பின்னால் ஸ்பிரிங் பட்டை. பழைய துணியில் சுற்றி, பட்டை நசுங்காமல் இருக்க அட்டை வைத்து அனுப்பியிருந்தான். வாசப்படி மிதிக்காதே என்று சொன்னவளுக்கு அட்டை வைத்து அனுப்புகிறான். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை இறக்கி, நானே ஸ்பேனர் பிடித்தேன். எனக்குக் குழாய் வேலை வரும்; கண்ணாடி வீடு வைத்திருக்கிறவளுக்கு வராமல் தீராது. தந்தி போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னாள், நான் முறுக்கினேன். குறுக்குக் குழாய், வால்வு, பம்ப் எல்லாம் ஏறியது. கடைசியில் தெர்மோஸ்டாட்.

“அதை வர்ற குழாயில கட்டணுமாம், அண்ணி. பாய்லருக்குப் பக்கத்துலயே.”

“வர்ற குழாயா?”

“ஆமா. ரெண்டு தடவை சொன்னார். வர்ற குழாய்.”

பெயின்டில் பளிச்சென்று எழுதியிருந்ததே. ‘வரும்’ என்று போட்டிருந்த மேல் குழாயைச் சுத்தமாகத் துடைத்து, பெட்டியை வைத்து, பட்டையை இழுத்துக் கட்டினேன். அசையாமல் கச்சிதமாக உட்கார்ந்தது.

திங்கட்கிழமை காலை நெருப்பு மூட்டினோம். தெர்மோஸ்டாட் ‘டிக்’ என்றது, சின்னப் பம்ப் ஓடியது. கால் மணி நேரத்தில் மறுபடி ‘டிக்’. பம்ப் நின்றது. “ஐம்பத்தஞ்சு வந்துடுச்சு!” என்று தந்தி கை தட்டினாள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. தம்பிக்குச் சொல்லச் சொன்னேன். நன்றி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை, அவள் சேர்த்துக்கொண்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தால், கறுப்புத் தண்ணீர் முன்னைவிட ஒரு பங்கு கூடவே வழிந்துகொண்டிருந்தது.

“வேல செய்யலன்னு சொல்லு உன் புருஷன்கிட்ட.”

“சரியா கட்டியிருக்க மாட்டீங்கன்னு சொல்றார்.”

“நானா? நான் கட்டினா யானை இழுத்தாலும் வராதுன்னு சொல்லு.”

“கட்டாமலே கட்டினேன்னு சொல்றீங்களோன்னு…”

“என்னது!”

பாவம் தந்தி, நடுவில் நின்று வியர்த்துப்போனாள். அன்று பூராவும் அப்படியே போனது. புதன்கிழமை காலை வானொலியில் சொன்னார்கள்: வியாழன் முதல் கடும் பனி, மூன்று நாளைக்கு. நெருப்பை அணைத்தால் நாற்று போகும். எரித்தால் தகடு போகும். எப்படிப் பார்த்தாலும் என் குடி மூழ்கும். நான் கண்ணாடி வீட்டில் மேசைக்கு நடுவில் நின்று அழுதேன். தட்டில் அரைவிரல் உயரத்துக்குத் தக்காளி நாற்று ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

தந்தி போனோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகமும் மாறிவிட்டது. போனில் பேசிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

“சின்னப் பம்ப் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு கேக்கறார்.”

“கால் மணி நேரம். அப்புறம் நின்னுடுது. நாள் பூரா நிக்குது.”

அவள் சொன்னாள்.

“எந்தக் குழாயில கட்டியிருக்கீங்கன்னு கேக்கறார்.”

“எத்தனை தடவைடி சொல்றது? வர்ற குழாயில!”

“வர்ற குழாயிலதான்… என்ன? எங்கேருந்து வர்றதா? பாய்லர்ல இருந்துதான்…”

போனை அவள் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவன் கத்துவது எனக்கே கேட்டது. “போனை அவகிட்ட குடு! குடுன்னா குடு!”

நான் வாங்கினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் தம்பியின் குரல் என் காதில் நேராக விழுந்தது.

“வர்ற குழாய்னா எங்க வர்ற குழாய்?”

“எனக்கு வர்ற குழாய்! சூடு எனக்கு அதுலதானே வருது?”

“உனக்கா? பாய்லருக்கு, அக்கா! பாய்லருக்கு வர்ற குழாய்! ஆறிப்போய் வருது பாரு, அது!”

“அது போற குழாய்டா! போகும்னு எழுதியே வெச்சிருக்கேன்!”

“யாரு எழுதினது?”

“நான்தான்!”

“அதானே! நீ நிக்கிற எடத்துல நின்னுதானே எல்லாத்தையும் பாப்பே? உலகத்துல எது வந்தாலும் உனக்குத்தான் வரணும், எது போனாலும் உன்ன விட்டுத்தான் போகணும். அந்தப் பக்கம் ஒருத்தன் நிக்கறான்னு என்னிக்காவது நெனச்சிருக்கியா?”

அவன் குழாயைப் பற்றித்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குழாயைப் பற்றிப் பேசவில்லை என்று அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். தந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான்தான் முதலில் பேசினேன். “பனி வருதுடா. எனக்குப் பயமா இருக்கு.”

“இரு” என்றான். போனை வைத்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் வெளியே சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. பாய்லர் அறை வாசலில் கருவிப் பையோடு நின்றான். தலை முன்பைவிட நரைத்திருந்தது. உள்ளே கால் வைக்கவில்லை. படியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நான் இப்போ வர்றதா, போறதா?”

“வந்து தொலைடா” என்றேன்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பேச்சில்லை, வேலைதான். மேல் குழாயிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான். “இது சூடா இருக்கிற குழாய். பெட்டிக்கு என்ன தெரியும், எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சுப் பம்பை நிறுத்திடுச்சு” என்றான். கீழ்க் குழாயில், குறுக்குக் குழாய் வந்து கலக்கிற இடத்தைத் தாண்டி, பாய்லருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் அதைக் கட்டினான். பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் கட்டினான். கண்ணாடி வீட்டுக்குப் போகிற பெரிய வால்வைக் கால்வாசிக்கு மூடினான். “பாய்லர் முதல்ல தான் சூடாகட்டும். அப்புறம் உனக்குத் தரும். எடுத்த எடுப்புல எல்லாத்தையும் உறிஞ்சாதே” என்றான். இதுவும் குழாயைப் பற்றித்தானா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

நெருப்பு மூட்டினோம். மூன்று பேரும் விறகுக் கட்டைகளில் உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்தோம். பதினெட்டு. சின்னப் பம்ப் ஜலதோஷப் பூனை மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது. தந்தி தேநீர் கொண்டுவந்தாள். நாற்பத்தொன்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது, எனக்கு உயிர் போய் வந்தது. அவன் வால்வை இன்னும் ஒரு முடி அளவுக்கு மூடினான். நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்தைத் தாண்டும்போது பெட்டி ‘டிக்’ என்றது, பம்ப் நின்றது. ஆறின தண்ணீர் வந்து ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதும் மறுபடி ‘டிக்’, மறுபடி ஓடியது. நிற்பதும் ஓடுவதுமாக அது தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

இன்னும் ஒரு மணி நேரம் கழித்து அவன் நீளக் கம்பியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, கதவைத் திறந்து, உள்சுவரின் ஓரத்தில் தேய்த்து எடுத்தான். துணியில் உலர்ந்த கரிப்பொடி. நான் வாங்கி விரலால் தேய்த்தேன். பிசுபிசுப்பே இல்லை. ஊதினேன், பறந்துபோனது.

“தகடு?” என்றேன்.

சின்னச் சுத்தியலால் அடித்தகட்டில் அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டான். “கெட்டியா இருக்கு. நெருப்பு போட ஆரம்பிச்சு மூணு வாரம்தானே ஆச்சு. இப்படியே ஓட்டினா நமக்கப்புறமும் ஓடும்.”

தந்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நான் அவனிடம் சொன்னேன். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை.

“பழைய பாய்லரும் இதாலதான் போச்சு. உன் வெல்டிங்கால இல்ல.”

“பச்சைத் தண்ணி நேரா உள்ள போற மாதிரி மாட்டினவன் நான்தான்க்கா. அன்னிக்கு எனக்கும் இதெல்லாம் தெரியாது. ஆலையில ஒண்ணு இப்படிச் சாகும்போதுதான் கத்துக்கிட்டேன். அந்தத் தப்பு என் மேலதான்.” துணியை மடித்தான். “ஆனா குடிக்கல.”

“தெரியும்டா.”

“எப்போ தெரியும்?”

“அன்னிக்கே தெரியும்” என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. “கத்தும்போதே தெரியும்.”

அவன் ஒரு கட்டையை எடுத்து நெருப்பில் தள்ளினான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இப்போ எங்கிட்ட சொல்லிட்டே” என்றான். “அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி சொன்னே? அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா ஃபோர்மேன் காலையில எனக்கு வணக்கம் சொல்றப்ப ஒரு அடி பக்கத்துல வந்து மோந்து பாப்பாரு, அக்கா. அவர் நல்லவர்தான். ஆனா பாப்பார்.”

என் நெஞ்சில் யாரோ ஸ்பேனரால் முறுக்கின மாதிரி இருந்தது. இரண்டு வருஷம். ஒவ்வொரு நாள் காலையும். நான் வாயைத் திறந்து மூடியதற்கு அவன் அங்கே தினமும் மூச்சை ஊதிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

வியாழக்கிழமை பனி வந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உறைந்து, உள்ளே பால் நிற வெளிச்சம். மேசைக்கு அடியில் குழாய் சுட்டது. பதினோராயிரத்தில் ஒன்றுகூடத் தலை சாயவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் எண்ணிப் பார்த்துவிட்டு, தந்தியிடம் நெருப்பை ஒப்படைத்துவிட்டு, நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

சலவை ஆலையின் பாய்லர் அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. என் பாய்லர் அதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான். வீடு அளவுக்கு மூன்று பாய்லர்கள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. காதே அடைத்துப்போகிற சத்தம். ஷிஃப்ட் மாறுகிற நேரம் பார்த்துத்தான் போயிருந்தேன். போகிறவர்களும் வருகிறவர்களுமாக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அன்றைக்கு வந்த ஃபோர்மேனும் இரண்டு ஆட்களும் அதில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த இரண்டு பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். நியாயம்தான். தம்பி தூரத்தில் ஏதோ மீட்டர் பக்கம் நின்றிருந்தவன் திரும்பிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டான்.

வழியெல்லாம் மெதுவாக, மரியாதையாக, நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். ஃபோர்மேன் முன்னால் போய் நின்று சொன்னேன். அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

“என்னம்மா? கேக்கல!”

தயார் செய்ததெல்லாம் போயே போய்விட்டது. பிறகென்ன, எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வயிற்றிலிருந்து கத்தினேன்.

“அன்னிக்கு என் தம்பி குடிச்சிட்டு வெல்டிங் பண்ணான்னு நான் சொன்னது பொய்! அவன் குடிக்கல! அதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே விட்டுட்டான்! அது எனக்கு அப்பவே தெரியும்! தெரிஞ்சும் சொன்னேன்! பாய்லர் போனது பச்சைத் தண்ணியால! அவன் கையால இல்ல!”

ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். ஃபோர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மெதுவாகக் கையைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு மறுபடி வைத்துக்கொண்டார்.

“கேக்கலம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க.”

இந்தத் தடவை அவருக்குக் கேட்டிருந்தது. அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லோருக்கும் நன்றாக விழட்டும் என்று கேட்கிறார், அல்லது தனக்கே இன்னொரு தடவை விழட்டும் என்று. நான் மறுபடி முழுசாகச் சொன்னேன், ஒரு வார்த்தை குறையாமல், முன்னைவிடச் சத்தமாக. குரல் கம்மிப்போய்க் கடைசி வார்த்தை கரகரவென்றுதான் வந்தது.

ஃபோர்மேன் தம்பி நிற்கிற இடத்துக்கு நடந்துபோனார். அவன் தோளில் கையைப் போட்டார். மோந்து பார்க்கவில்லை. தன் தலையைத்தான் குனிந்துகொண்டார். அந்த இரண்டு ஆட்களும் போய்ப் பக்கத்தில் நின்றார்கள்.

நான் மூன்றாவது தடவைக்கு மூச்சு இழுத்தேன். நிறுத்தத் தெரிந்தால்தானே.

தம்பி அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கண் இரண்டும் கலங்கியிருந்தது. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, நான் கத்தின அளவுக்கே கத்தினான்.

“கேட்டுச்சுக்கா! முதல் தடவையே கேட்டுச்சு!”